டாங்கி அளவுமாதிரிகளும் உருமறைப்பு வண்ணங்களின் வரலாற்றுத் துல்லியமும்

டாங்கி அளவுமாதிரி என்பது போரில் பயன்பட்ட கவச பீரங்கி வண்டியொன்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யப்படும் உருவமாகும். நெகிழித் துண்டுகளாக வாங்கி ஒட்டி வண்ணம் பூசுவது ஒரு வகை. வண்ணம் பூசி முடிக்கப்பட்ட வார்ப்பு உலோக மாதிரியை வாங்கிச் சேர்ப்பது மற்றொரு வகை. இரு வகையினருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டி, இந்தப் போர்க்களத்தில், இந்த ஆண்டில் உண்மையிலேயே இந்த நிறத்தில்தான் இருந்ததா?

சிறிய கேள்விதான் என்றாலும் அதற்கு விடை காண்பது எளிதன்று. இரண்டாம் உலகப் போரின் பெரும்பாலான ஒளிப்படங்கள் கறுப்பு வெள்ளையில் உள்ளன. எஞ்சியிருக்கும் டாங்கிகளில் பல, பின்னாளில் மீண்டும் மீண்டும் வண்ணம் பூசப்பட்டவை. இதனால் பல பத்தாண்டுகள் உண்மை எனக் கருதப்பட்ட சில நிறங்கள் பின்னர் தவறென்று தெரியவந்துள்ளன. அந்தத் தவறுகள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு திருத்தப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விகிதங்களும் அவற்றின் பின்னணியும்

டாங்கி மாதிரிகளில் மிகுதியாகக் காணப்படும் விகிதம் 1:35 ஆகும். இது அளவீட்டுக் கணக்கிலிருந்து பிறந்த விகிதம் அன்று. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மரத் தொழிலாகத் தொடங்கிய டாமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் நெகிழி மாதிரியாக வெளியிட்டது. உள்ளே மின்கலங்களும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதை வைத்தே அதன் அளவு முடிவாயிற்று. பின்னர் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அந்த மாதிரி நன்றாக விற்கவே, தற்செயலாக அமைந்த அளவு உலகப் பொது அளவாக நிலைத்துவிட்டது.

மற்ற விகிதங்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. 1:76 என்பது பிரித்தானியப் பொம்மை ரயில்களின் அளவோடு ஒத்துப்போவது. ஏர்பிக்ஸ் நிறுவனம் இதைப் பரப்பியது. 1:72 என்பது ஆறு அடியை ஓர் அங்குலமாகக் குறுக்குவது. 1:87 ஐரோப்பிய ரயில் மாதிரிகளின் அளவு. ஆஸ்திரியாவின் ரோகோ நிறுவனத்தின் சிறு டாங்கிகள் இவ்வளவில் வந்தன.

விகிதம் நிறத்தையும் பாதிக்கிறது. குழலோடு சேர்த்து 8.45 மீட்டர் நீளமுள்ள டைகர் டாங்கி, 1:35 விகிதத்தில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டராகவும் 1:72 விகிதத்தில் 12 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். உண்மையான டாங்கியில் பூசிய அதே வண்ணத்தை இவ்வளவு சிறிய உருவின்மேல் பூசினால், கண்ணுக்கு அது மேலும் இருண்டு தெரியும். எனவே மாதிரி செய்வோர் பலர் வண்ணத்தைச் சற்று வெளிறச் செய்கின்றனர். எவ்வளவு வெளிறச் செய்வது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

டாங்கி உருமறைப்பின் தொடக்கம்

முதல் உலகப் போரில் வான்வழி நோட்டமும் தொலைதூரப் பீரங்கிகளும் பெருகியபோது, படைகளை மறைக்கும் கலை தனித் துறையாக வளர்ந்தது. பிரான்சு 1915இல் ஓவியர்களைக் கொண்டு உருமறைப்புப் பிரிவு ஒன்றை அமைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்முனையில் பிரித்தானியாவின் மார்க் 1 டாங்கிகள் முதன்முறையாகக் களமிறங்கின. அவற்றுக்குப் பல நிற வடிவத்தை வகுத்தவர் சாலமன் ஜே. சாலமன் என்ற ஓவியர். ஆனால் போர்க்களச் சேறு சிறிது நேரத்திலேயே டாங்கி முழுவதையும் ஒரே நிறமாக்கிவிட்டது. ஓவியரின் உழைப்பு பயனற்றதெனக் கருதப்பட்டு, பின்வந்த டாங்கிகள் ஒரே பழுப்பு நிறத்தில் பூசப்பட்டன.

மாதிரிகளை மதிப்பிடுவோர்க்கு இந்நிகழ்வு முதற்பாடம் ஆகும். தொழிற்சாலையில் பூசிய நிறம் வேறு, களத்தில் ஒரு வாரம் கழித்துத் தெரிந்த நிறம் வேறு. இரண்டில் எதை மாதிரி காட்டுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் சரி, தவறு என்று பேச இயலாது.

ஜெர்மனி: மறைந்துபோன பழுப்பு

ஜெர்மனியில் வண்ணங்களைத் தரப்படுத்த ரால் என்ற அமைப்பு 1925இல் தோன்றியது. 1927இல் 40 நிறங்கள் கொண்ட அட்டவணையை அது வெளியிட்டது. இராணுவம் தனது ஆணைகளில் இவ்வட்டவணையின் எண்களைப் பயன்படுத்தியதால், ஜெர்மன் டாங்கிகளின் நிறங்களை ஆவண வழியே ஆராய முடிகிறது.

போரின் முதல் ஆண்டுகளில் ஜெர்மன் டாங்கிகள் முழுவதும் கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தன என்றே நீண்டகாலம் நம்பப்பட்டது. புத்தகங்களின் வண்ணப் படங்களும், மாதிரிப் பெட்டிகளின் ஓவியங்களும், திரைப்படங்களும் அப்படியே காட்டின. ஆனால் டாமஸ் ஜென்ட்ஸ், ஹிலாரி டாயில் ஆகிய ஆய்வாளர்கள் மூல ஆணைகளைத் தேடிப் படித்தபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. 1937இலும் 1938இலும் வந்த ஆணைகள் இரு நிறங்களைக் கேட்டன: பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு கருஞ்சாம்பல், ஒரு பங்கு கரும்பழுப்பு. 1940 ஜூலை இறுதியில் வந்த ஆணையே பழுப்பை நீக்கிச் சாம்பலை மட்டும் வைத்தது. அதாவது 1939இல் போலந்துக்குள்ளும் 1940 மே மாதத்தில் பிரான்சுக்குள்ளும் நுழைந்த டாங்கிகள் இருநிற ஆணை நடைமுறையில் இருந்த காலத்தவை.

இத்தனை ஒளிப்படங்கள் இருந்தும் பழுப்பு ஏன் கண்ணில் படவில்லை? இரு நிறங்களும் மிக இருண்டவை. ஒளியைத் திருப்பும் அளவில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு. கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைப் பதிவதில்லை. ஒளியின் அளவை மட்டுமே பதிகிறது. எனவே சாம்பலும் பழுப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. புழுதி படிந்திருந்தால் வேறுபாடு அடியோடு மறைந்தது. படத்தில் தெரியாததை இல்லாதது என்று கொண்டதே பிழை. ஆணையைப் படித்த பின் அதே படங்களைக் கூர்ந்து நோக்கியவர்கள், நல்ல ஒளியில் எடுத்த சிலவற்றில் இரு நிறங்களின் எல்லைக் கோட்டைக் கண்டனர்.

பாலைவனமும் மஞ்சளும்

வட ஆப்பிரிக்காவுக்கு ஜெர்மன் படைகள் சென்றபோது, 1941 மார்ச்சில் வந்த ஆணை மஞ்சள்பழுப்பையும் சாம்பல்பச்சையையும் விதித்தது. 1942 மார்ச்சில் இவற்றுக்குப் பதிலாக வேறொரு பழுப்பும் சாம்பலும் வந்தன. முதலில் போய் இறங்கிய டாங்கிகள் சாம்பல் நிறத்திலேயே இறங்கியதால், மண்ணைக் குழைத்துப் பூசிய நிகழ்வுகளும் உண்டு.

1943 பிப்ரவரியில் அடிப்படையே மாறியது. எல்லா வண்டிகளும் கருமஞ்சள் எனப்படும் மணல் சாயல் நிறத்தில் தொழிற்சாலையை விட்டு வெளியேற வேண்டும் என ஆணை வந்தது. அதன்மேல் பூசுவதற்கு ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் குழம்பாகப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. படைவீரர்கள் அக்குழம்பைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, கிடைத்த தெளிப்பானாலோ தூரிகையாலோ பூசினர். கரைத்த அளவுக்கேற்ப நிறம் அடர்ந்தோ வெளிறியோ அமைந்தது. ஒரே பிரிவின் இரண்டு டாங்கிகள்கூட ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. 1944 ஆகஸ்டில்தான் மூன்று நிற வடிவங்களையும் தொழிற்சாலையிலேயே பூசும் முறை வந்தது. மர நிழலினூடே விழும் ஒளிப்புள்ளிகளைப் போன்ற புள்ளிகள் கொண்ட வடிவம் அக்காலத்தது.

பிரித்தானியா: நீல மட்டில்டா

அளவுமாதிரி உலகில் மிகவும் பேசப்பட்ட பிழைகளில் ஒன்று, வட ஆப்பிரிக்காவில் பிரித்தானிய டாங்கிகளுக்குப் பூசப்பட்ட கான்டர் வடிவத்தைப் பற்றியது. பிரிகேடியர் கான்டரின் பெயரால் அறியப்படும் இவ்வடிவம் 1940 முதல் 1941 இறுதிவரை வழக்கில் இருந்தது. வளைவுகள் இன்றி, நேர்கோடுகளால் வெட்டப்பட்ட சாய்ந்த பட்டைகள் இதன் அடையாளம். வண்டியின் உண்மையான விளிம்புகளைக் கண் பிரித்தறியாதபடி செய்வதே நோக்கம்.

1940 டிசம்பரில் தொடங்கிய காம்பஸ் நடவடிக்கையில், நிபெய்வா முகாமின்மீது நடந்த தாக்குதலில், மட்டில்டா டாங்கிகள் நான்காம் இந்தியக் காலாட்படை டிவிசனின் வீரர்களோடு சேர்ந்து சென்றன. இந்தியப் படை வரலாற்றோடும் தொடர்புடைய டாங்கி என்பதால், அதன் தோற்றத்தைச் சரியாக அறிவது இங்குள்ள வாசகர்க்கும் பொருளுடையதாகும்.

போருக்குப் பின் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் மட்டில்டாவுக்குக் கான்டர் வடிவம் மீண்டும் பூசப்பட்டபோது, பட்டைகளில் ஒன்று தெளிவான வெளிர்நீலமாக அமைந்தது. மாதிரி நிறுவனங்களும் வண்ண நிறுவனங்களும் நூல் ஓவியர்களும் அதையே பின்பற்றினர். உண்மையான டாங்கியே கண்ணெதிரில் நிற்கும்போது யாருக்கு ஐயம் வரும்? இவ்வாறு ஒரு தலைமுறையின் மாதிரி மட்டில்டாக்கள் எல்லாம் நீலப் பட்டையோடு அலமாரிகளை நிரப்பின.

பிரித்தானிய வண்ணங்களை ஆராய்ந்த மைக் ஸ்டார்மர், ஆணைகளையும் அக்காலத் தர அட்டவணையையும் ஒப்பிட்டு, அந்த நீலம் ஆவணங்களில் இல்லை என்று காட்டினார். அட்டவணைப்படி அடிப்படை நிறம் போர்ட்லேண்ட் கல் எனப்பட்ட வெளிர்மஞ்சள். மற்றவை வெள்ளிச்சாம்பல், பலகைச்சாம்பல். வெள்ளிச்சாம்பல் என்பது பச்சைச் சாயல் கொண்ட சாம்பலே ஆகும். மணலின் மஞ்சளுக்கு அருகே வைத்தால் சாம்பல் நிறம் கண்ணுக்கு நீலம்போல் தோன்றும் இயல்புடையது. இத்தோற்றம், நீலம் என்ற நம்பிக்கைக்குத் துணை செய்திருக்கலாம்.

இப்பிழையில் கவனிக்க வேண்டியது அதன் சுற்றுப்பாதை. அருங்காட்சியகத்தைப் பார்த்து மாதிரி செய்யப்படுகிறது. மாதிரியைப் பார்த்து நூலில் படம் வரையப்படுகிறது. நூலைச் சான்றாகக் கொண்டு மற்றொரு வண்டி புதுப்பிக்கப்படுகிறது. மூன்று சான்றுகள் இருப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் இருப்பது ஒன்றே; அதுவும் பிழையானது.

பற்றாக்குறையின் நிறம்

டாங்கியின் நிறத்தை மறைவுத் தேவை மட்டும் முடிவு செய்யவில்லை. 1941 முதல் பிரித்தானியாவில் பச்சை நிறத்துக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு போதவில்லை. வேறு தேவைகளுக்கு அதைச் சேமிக்க, தாயகத்து வண்டிகளின் அடிப்படை நிறம் எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பாக மாற்றப்பட்டது. 1944 ஏப்ரலில், நார்மண்டி தரையிறக்கத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் நிறம் வந்தது. அமெரிக்க வண்டிகளின் ஆலிவ் நிறத்தோடு அது ஏறத்தாழ ஒத்திருந்ததால், அமெரிக்காவிலிருந்து வரும் டாங்கிகளைத் திரும்பப் பூசும் வேலை மிச்சமாயிற்று.

ஜெர்மனி 1940இல் பழுப்பைக் கைவிட்டதும் வண்ணத்தைச் சிக்கனப்படுத்தவே. ஆக, நிறத்தைத் தவறாகக் காட்டும் மாதிரி அழகில் மட்டும் பிழைபடுவதில்லை. ஒரு நாட்டின் மூலப்பொருள் நிலையையும் கூட்டாளி நாடுகளின் ஏற்பாட்டையும் சொல்லும் சான்றை அது அழித்துவிடுகிறது. பழுப்பு நிற சர்ச்சில் டாங்கியைக் கண்டு ஏன் பழுப்பு என்று கேட்கும் மாணவர், போர்க்காலப் பொருளாதாரத்தின் வாசலில் நிற்கிறார். எல்லாவற்றையும் பச்சையாகப் பூசிவிட்டால் அக்கேள்வியே எழாது.

சான்றுகளை எடைபோடுதல்

உருமறைப்பு பற்றிய சான்றுகள் எல்லாம் ஒரே தரமுடையவை அல்ல. அவற்றைக் கீழ்க்காணுமாறு பிரித்துப் பார்க்கலாம்.

ஆணைகளும் தர அட்டவணைகளும்: என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை இவை உறுதியாகக் கூறுகின்றன. செய்தார்களா என்பதைக் கூறுவதில்லை. ஆணை பிறந்த நாளுக்கும் களத்தில் அது தெரியத் தொடங்கிய நாளுக்கும் இடையே மாதங்கள் கடந்திருக்கலாம். கையிருப்பில் இருந்த பழைய வண்ணம் தீரும்வரை பயன்பட்டிருக்கலாம்.

எஞ்சிய வண்ணப் படிவு: டாங்கியின் உட்பகுதியிலும், கருவிகளுக்கு அடியிலும், பிற்காலப் பூச்சுகளுக்குக் கீழும் மூல வண்ணம் கிடைப்பதுண்டு. அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தால் பூச்சுகளின் வரிசை தெரியும். எனினும் எண்ணெய் கலந்த வண்ணங்கள் காலத்தால் மஞ்சளாகும். வெயில் சில நிறமிகளை வெளிறச் செய்யும்.

கறுப்பு வெள்ளைப் படங்கள்: வடிவம், விளிம்பு, எண்கள், குறியீடுகள் ஆகியவற்றுக்கு இவையே சிறந்த சான்று. நிறத்துக்கு நேரடிச் சான்று ஆகா. சிவப்பொளியை உணராத பழைய வகைப் படச்சுருளில் செந்நிறம் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதிவாகும். எந்தச் சுருள் என்று தெரியாமல், இது இருண்டிருக்கிறது, எனவே பச்சை என்று முடிவு கட்டுவது ஆபத்தானது.

வண்ணப் படங்கள்: கோடாகுரோம் 1935இலும் அக்பாகலர் 1936இலும் வந்துவிட்டன. அவற்றில் எடுத்த டாங்கிப் படங்களும் உள்ளன. ஆயினும் சுருளின் இயல்பு, பொழுதின் ஒளி, பாதுகாத்த முறை, அச்சிட்ட முறை என ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் நகர்கிறது.

அருங்காட்சியக வண்டிகள்: உருவ அமைப்புக்கு மிகச் சிறந்தவை, நிறத்துக்கு ஐயத்தோடு அணுக வேண்டியவை. 1943 ஏப்ரலில் துனிசியாவில் கைப்பற்றப்பட்டு இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள டைகர் 131, ஓடும் நிலையில் பேணப்படும் புகழ்பெற்ற வண்டி. அதுவும் பிற்காலத்தில் புதிதாகப் பூசப்பட்டதே. பூச்சு எந்த ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டது என்பதைக் கேட்டறிந்த பின்பே அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

வண்ணமூட்டிய பழைய படங்கள்: கணினி கொண்டு கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறமூட்டுவது இன்று எளிதாகிவிட்டது. இவற்றில் உள்ள நிறம், ஊட்டியவரின் ஊகமே. அவ்வூகம் பழைய நூல்களையும் மாதிரிகளையும் பார்த்து அமைந்ததாக இருக்கலாம். எனவே இவை சான்று ஆவதில்லை. நீல மட்டில்டாவின் சுற்றுப்பாதை முன்னிலும் வேகமாகத் திரும்பவும் தொடங்கக்கூடிய இடம் இது.

ஒரு மாதிரியை மதிப்பிடும் முறை

மாதிரியின் நிறம் சரியா என்று நேராகக் கேட்பதைவிட, அதன் கூறுகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது பயன் தரும். ஒவ்வொரு கூறும் ஒரு காலத்தைச் சுட்டுகிறது. எல்லாக் காலங்களும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, டைகர் டாங்கி மாதிரியொன்று முழுக் கருஞ்சாம்பலில் இருப்பதாகக் கொள்வோம். அது தவறென்று உடனே தள்ளிவிட முடியாது. 1942இல் லெனின்கிராடு முனைக்குச் சென்ற முதல் டைகர்கள் சாம்பல் ஆணைக் காலத்தவை. ஆனால் அதே மாதிரியின் உடல்மேல் வரிவரியான சிம்மெரிட் பூச்சு இருந்தால் சிக்கல் எழுகிறது. காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாதிருக்கப் பூசப்பட்ட சிம்மெரிட், 1943 கோடை இறுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை மட்டுமே தொழிற்சாலைகளில் பூசப்பட்டது. கருமஞ்சளோ 1943 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. சாம்பலும் சிம்மெரிட்டும் ஒரே வண்டியில் இயல்பாகச் சேர இடமில்லை. அதனோடு 1944இல் வந்த எஃகு விளிம்புச் சக்கரங்களும் இருந்தால் முரண் இன்னும் உறுதியாகிறது. நிறத்தின் சாயலை அளக்காமலே இம்முடிவுக்கு வர முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இம்முறையில் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

• மாதிரி காட்டும் டாங்கியின் உற்பத்தி வகை எது? அது எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை உருவானது?
• அக்காலத்தில் நடைமுறையில் இருந்த வண்ண ஆணை எது?
• எண்களும் குறியீடுகளும் எந்தப் பிரிவைச் சுட்டுகின்றன? அப்பிரிவு அவ்வேளையில் எந்தப் போர்முனையில் இருந்தது?
• வடிவத்தின் விளிம்பு தெளிப்பானால் மங்கியதா, தூரிகையால் கூர்மையானதா? ஒளிப்படங்கள் எதைக் காட்டுகின்றன?
• புழுதியும் துருவும் வண்டி களத்தில் இருந்த காலத்துக்கு ஏற்றவையா?

வார்ப்பு உலோக மாதிரிகளைச் சேர்ப்போர்க்கு இக்கேள்விகள் இன்னும் தேவையானவை. ஒரே அச்சில் வார்த்த உருவத்தை வெவ்வேறு வண்ணங்களில் வெளியிடுவது அத்தொழிலின் வழக்கம். 1944ஆம் ஆண்டு உருவத்தின்மேல் 1942ஆம் ஆண்டு நிறம் ஏறுவது இவ்வாறுதான் நேர்கிறது.

துல்லியத்தின் எல்லை

நிறத்தின் சாயலைப் பொறுத்தவரை முழுத் துல்லியம் என்பது அடைய இயலாதது. ஒரே தர எண்ணில் பல ஆலைகள் வண்ணம் தயாரித்தன. அவற்றிடையே வேறுபாடு இருந்தது. ஓர் ஒளியில் ஒன்றுபோல் தெரியும் இரு வண்ணங்கள் வேறோர் ஒளியில் வேறுபடும். வெயிலும் மழையும் எண்ணெயும் புகையும் மீதியைச் செய்தன. எனவே சாயல் அரை மாற்று கூடியதா குறைந்ததா என்பது பற்றிய வாதம் பெரும்பாலும் முடிவுக்கு வருவதில்லை.

அதனால் எல்லா நிறமும் சரியே என்றும் ஆகிவிடாது. 1940இல் பிரான்சில் நின்ற டாங்கிக்குக் கருமஞ்சள் பூசுவது சாயல் வேறுபாடு அன்று, கால வழு. மட்டில்டாவின் நீலமும் அத்தகைய பிழையே. சாயலில் நெகிழ்வும் காலத்திலும் இடத்திலும் கண்டிப்பும் கொள்வதே ஆய்வாளர் பலரும் கைக்கொள்ளும் நடுவழி.

இரும்பும் வண்ணமும் அழியக்கூடியவை. அந்த டாங்கிகளைக் களத்தில் கண்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. போரின் தோற்றத்தை இன்றைய மாணவர் பெரும்பாலும் படங்களாலும் அருங்காட்சியகங்களாலும் மாதிரிகளாலும் அறிகின்றனர். கரும்பழுப்பை மீட்டதும் நீலத்தை நீக்கியதும் புதிய கருவிகளால் நிகழ்ந்தவை அல்ல. எல்லோரும் அறிந்ததாக எண்ணிய ஒன்றுக்கு மூல ஆவணம் எங்கே என்று சிலர் கேட்டதால் நிகழ்ந்தவை. உள்ளங்கையில் அடங்கும் டாங்கி மாதிரியொன்றைக் கையில் எடுப்பவரும் அதே கேள்வியைக் கேட்கலாம்.